முட்டை இல்லாத ஜிஞ்சர்பிரெட் வீடு: எந்தப் பசையை நம்பலாம்?

கிறிஸ்துமஸ் நெருங்கினால், இஞ்சி மணக்கும் பிஸ்கட் பலகைகளை ஒட்டிக் கட்டும் ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்காக, விலங்கிலிருந்து வரும் எதையும் (பால், முட்டை, தேன் உட்பட) உண்ணாத வீகன் நண்பர்களும், முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பிஸ்கட் மாவில் முட்டையை விட்டுவிடலாம், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றலாம். அதுவரை சிக்கல் இல்லை. சுவரையும் கூரையையும் ஒட்டும் அந்த வெள்ளை ராயல் ஐசிங்குக்கு என்ன செய்வது? அது முட்டையின் வெள்ளைக்கருவை ஐசிங் சுகரோடு அடித்துச் செய்வது. கடையில் விற்கும் மெரிங் பவுடரும் உலர்த்திய வெள்ளைக்கருதான். வெளிநாட்டுக் கடைகளில் 'ராயல் ஐசிங் சுகர்' என்று பெட்டியில் அச்சிட்டு வருவதிலும் அந்தப் பொடி கலந்திருப்பதுண்டு.

மாற்று வழிகள் நான்கு. கொண்டைக்கடலை வேகவைத்த நீரில் அடித்த ஐசிங், வெறும் தண்ணீரிலோ தாவரப் பாலிலோ குழைத்த ஐசிங், உருக்கிய சர்க்கரை, உருக்கிய டார்க் சாக்லேட். நான்கிலும் வீடு கட்டலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் இருக்கும் ஊரின் காற்றையும், மேசையைச் சுற்றி உட்காரப் போகிறவர்களின் வயதையும் பொறுத்தது. 'முட்டைக்கு மாற்று எது' என்று மட்டும் தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பசை இறுக ஆகும் நேரம். காய்ந்து முடித்தபின் நான்குமே ஓரளவு வலுவானவைதான். ஆனால் காயும்வரை என்ன நடக்கிறது? சுவருக்கு இரண்டு பக்கமும் டம்ளரை முட்டுக் கொடுத்துவிடலாம். கூரைப் பலகை சரிவில் உட்கார்வது, பசை இறுகும்வரை கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான வீடுகள் விழுவது அங்கேதான்.

இரண்டாவது, காற்றின் ஈரம். டிசம்பரில் சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் எல்லாம் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் இருக்கும். டொராண்டோவிலும் லண்டனிலும் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று உலர்ந்து கிடக்கும். ஒரே செய்முறை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வராது.

மூன்றாவது, யார் கை வைக்கப் போகிறார்கள். நான்காவது, பொட்டலத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் சேர்மானப் பட்டியல். அழகையும் ருசியையும் நான் கடைசியில்தான் வைப்பேன். நிற்காத வீட்டை யாரும் அலங்கரிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீடு சரிந்தால் எல்லோரும் பசையைத்தான் குறை சொல்வார்கள். பல நேரம் குற்றம் பலகையில் இருக்கும். தின்பதற்குச் செய்யும் மெத்தென்ற ஜிஞ்சர்பிரெட்டில் வீடு கட்டக்கூடாது. கட்டுவதற்கான மாவில் பேக்கிங் பவுடரோ சோடாவோ வேண்டாம், கொழுப்பும் குறைவாக இருக்கவேண்டும். அரை கிலோ மைதா, 125 கிராம் தேங்காய் எண்ணெய் அல்லது பால் சேராத மார்ஜரின், 150 கிராம் நாட்டுச் சர்க்கரை, கெட்டியான கருப்பட்டிப் பாகு 150 மில்லி, இரண்டு தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி, கொஞ்சம் கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு. பிசைய வராவிட்டால் மட்டும் கரண்டி கரண்டியாகத் தண்ணீர். ஜிஞ்சர்பிரெட்டின் உறவான, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லெப்குக்கன் தேனில் வளர்ந்த பலகாரம். அதனால் முட்டையையும் வெண்ணெயையும் நீக்கிவிட்டாலும் அந்தப் பழைய முறை வீகன் ஆகாது. தேன் இருந்த இடத்தில் கருப்பட்டி அழகாகப் பொருந்துகிறது. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த மணம் நம் சுக்குக் காப்பியில் பழகியதுதானே.

மாவை 5 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 170 டிகிரியில் ஓரம் சிவக்கும்வரை பேக் செய்து, சூடு ஆறுமுன் ஓரங்களைக் கத்தியால் நேராக வெட்டிவிடுங்கள். ஓரம் வளைந்திருந்தால் எந்தப் பசையும் காப்பாற்றாது. கடலோர ஊர்களில் கட்டும் நாளன்று பலகைகளை மறுபடி 110 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு எடுக்கவேண்டும்.

## ஒரே பார்வையில்

| பசை | இறுகும் நேரம் | கூரை நிற்குமா | ஈரக் காற்றில் | சிறுவர் கையில் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| கொண்டைக்கடலை நீர் ஐசிங் | சில மணி நேரம். கூரைக்கு ஓர் இரவு | நிற்கும், பொறுமை வேண்டும் | தாமதமாகக் காயும் | நல்லது | முந்தின நாள் வேலை, எலக்ட்ரிக் பீட்டர், நிறைய ஐசிங் சுகர் |
| தண்ணீர் அல்லது தாவரப் பால் ஐசிங் | மெதுவாக | சின்ன வீட்டுக்கு மட்டும் | சரியாகக் காயாது | மிக எளிது | ஒட்டியதை மறுபடி ஒட்டும் நேரம் |
| உருக்கிய சர்க்கரை | சில நொடி | உறுதியாக | ஓரிரு நாளில் பிசுபிசுக்கும் | கூடவே கூடாது | தீக்காய ஆபத்து, திருத்த வாய்ப்பில்லை |
| டார்க் சாக்லேட் | குளிர்ச்சியைப் பொறுத்து | குளிர்ந்த அறையில் நிற்கும் | வெப்பம்தான் எதிரி | பரவாயில்லை | விலை, பால் கலந்த பட்டைகள் |

## கொண்டைக்கடலை நீர் ஐசிங்

வீகன் சமையலில் அக்வாஃபாபா என்று பெயர் வாங்கியது இதுதான். 2014-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல், பயறு வேகவைத்த நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல நுரைக்கிறது என்று கண்டு வெளியிட்டார். 2015-இல் அமெரிக்காவின் கூஸ் வோல்ட், கொண்டைக்கடலை நீரும் சர்க்கரையும் மட்டும் வைத்து, வழக்கமாக வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் மெரிங் என்ற நுரை இனிப்பைச் செய்து காட்டினார். கடலையிலிருந்து நீரில் இறங்கும் புரதமும் மாவுச்சத்தும் சப்போனின் என்ற நுரைக்கும் பொருளும் சேர்ந்துதான் நுரையைப் பிடித்து நிறுத்துகின்றன.

ஜிஞ்சர்பிரெட் வீட்டுக்கு முட்டை ஐசிங்கின் உண்மையான வாரிசு இதுதான். தூய வெள்ளை, கோனில் போட்டுக் கோடு இழுத்தால் அறுந்துபோகாது, கூரை ஓரத்தில் பனிக்கூர் இழுத்துவிடலாம். காய்ந்தபின் கடலை வாசனை இருக்குமோ என்று பயப்படவேண்டாம். அவ்வளவு சர்க்கரையில், ஒரு சொட்டு வனிலா அல்லது எலுமிச்சைச் சாறோடு, அது தெரியாது. வேகவைத்த நீர் என்பதால் பச்சை முட்டையின் பயமும் இல்லை. பிள்ளைகள் விரலை விட்டு நக்கட்டும்.

மூன்று மேசைக்கரண்டி கெட்டியான கடலை நீரை, கால் தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி அல்லது அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோடு நுரை பொங்க அடியுங்கள். 300 முதல் 350 கிராம் சலித்த ஐசிங் சுகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்கவேண்டும். ஒட்டுவதற்கு இந்தப் பதம். சன்னலையும் கதவையும் நிரப்ப வேண்டுமானால் சில சொட்டு நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

'கெட்டியான' என்ற சொல்லை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். டப்பாவில் வரும் கடலை நீர் ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும், ஆனால் அதில் உப்பு இருக்கலாம். உப்பில்லாததைத் தேடி வாங்கவேண்டும். வீட்டில் வேகவைப்பதானால் வெள்ளைக் கொண்டைக்கடலை எடுங்கள். கறுப்புக் கடலையின் நீர் ஐசிங்கைப் பழுப்பாக்கிவிடும். இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போடாமல் வேகவிட்டு, அந்த நீரிலேயே ஆறவிடவேண்டும். பிறகு வடித்து, முட்டை வெள்ளைக்கருவின் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சிக் குளிரவைக்கவேண்டும். கடலையைத் தாளித்துச் சுண்டலாக்கிவிடலாம், வீண் இல்லை. நீர்த்த நீரை அப்படியே அடித்தால் இறுகுவதற்காகச் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போவீர்கள். அது கனத்து வழியும், காயவும் காயாது.

பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. தேங்காய் எண்ணெயில் மாவு பிசைந்த அதே கையோடு இதற்கு வராதீர்கள். கையால் அடிக்கும் விஸ்க்கில் வேலை நடக்காது என்றில்லை, தோள்பட்டை கழன்றுவிடும். எலக்ட்ரிக் பீட்டர் இருப்பவர்களுக்கு இது சுலபம். ஐசிங் சுகரை மிக்ஸியில் அரைப்பவர்கள் ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) சேர்த்து அரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் இரண்டுமுறை சலிக்கவேண்டும். ஒரு பரல் தங்கினாலும் கோன் முனையில் அடைத்துக்கொள்ளும். கட்டவும் அலங்கரிக்கவும் சேர்த்து ஒரு நடுத்தர வீட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் ஐசிங் சுகர் ஓடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்த ஊரில் மேற்பரப்பு அரை மணியில் ஏடு கட்டிவிடும். அங்கே கிண்ணத்தையும் கோனின் முனையையும் ஈரத்துணியால் மூடிவைப்பதுதான் பெரிய வேலை. மழைக்கால சென்னையில் நான்கு சுவரை மாலையில் ஒட்டி, ஃபேனைப் போட்டு விட்டுவிட்டு, கூரையை மறுநாள் காலையில் ஏற்றுங்கள். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது. இந்த ஓர் இரவுப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் பசை உகந்ததல்ல.

கொண்டைக்கடலையே ஒத்துக்கொள்ளாதவர்கள் விருந்துக்கு வருகிறார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்குப் பயந்து மாற்றியது இன்னொருவருக்கு ஆபத்தாகிவிடக்கூடாது.

## தண்ணீர் அல்லது தாவரப் பால் ஐசிங்

250 கிராம் ஐசிங் சுகருக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோ சோயா பாலோ. கலக்கினால் முடிந்தது. நுரை கிடையாது, அதனால் உள்ளே பிடிமானமும் கிடையாது. காய்ந்தபின் மேல்தோல் கண்ணாடிபோல இருக்கும், தட்டினால் பொறுக்கு விடும். உள்ளங்கை அளவு பிஸ்கட் வீடுகளுக்கு இது போதும். வகுப்பறையில் இருபது பிள்ளைகள் ஆளுக்கொரு குடிசை செய்யும்போது இதைவிட நல்லது இல்லை. அந்த இடத்துக்குக் கடை பிஸ்கட் வாங்குவதானால் பால் திடப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள், பல பிஸ்கட்டுகளில் இருக்கும். பெரிய கூரைக்கு இந்த ஐசிங்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

## உருக்கிய சர்க்கரை

வீகன் பட்டியல்களில் இதற்கு ஏன் இத்தனை குறைந்த இடம் கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை. ஸ்வீடனில் வீட்டில் செய்யும் ஜிஞ்சர்பிரெட் வீட்டை உருக்கிய சர்க்கரையால் ஒட்டுவது பழகிய வழக்கம்; முட்டை ஐசிங்கை அங்கே கோடும் பூவும் போடவே வைத்துக்கொள்கிறார்கள். அதாவது சுவரைத் தாங்கும் வேலைக்கு முட்டை ஒருநாளும் கட்டாயமாக இருந்ததில்லை. வீகன் வீட்டுக்காரர் தேடும் விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

அகலமான தட்டை வாணலியில் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையைப் பரப்பி, நடுத்தரத் தீயில், கிளறாமல், வாணலியை மட்டும் அசைத்து உருகவிடுங்கள். தேன் நிறம் வந்ததும் தீயைக் குறைத்து, பலகையின் ஓரத்தை அதில் தொட்டு உடனே ஒட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் இறுகிவிடும். கூரை வழுக்காது, முட்டு வேண்டாம், ஒரு வீட்டை அரைமணியில் எழுப்பிவிடலாம். மிச்சப் பாகைச் சன்னல் ஓட்டைகளில் ஊற்றினால் கண்ணாடியும் ஆயிற்று.

ஆனால் உருகிய சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. அது தோலில் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு ஒட்டிக்கொண்டு எரித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் குளிர்ந்த நீர் தயாராக இருக்கவேண்டும். சிறு பிள்ளைகள் அடுப்படியிலேயே இருக்கக்கூடாது. கோணலாக ஒட்டினால் திருத்த முடியாது. பிய்த்தால் பலகைதான் உடையும். எனவே ஒட்டுமுன் துண்டுகளை வெறுமனே சேர்த்துவைத்து ஒருமுறை அளந்து பார்த்துவிடவேண்டும். வாணலியில் ஒட்டியதைச் சுரண்டவேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கரைந்துவிடும்.

வெல்லப் பாகை உடையும் பதத்துக்குக் காய்ச்சிப் பயன்படுத்தலாமா என்று கடலைமிட்டாய் செய்து பழகியவர்கள் கேட்பார்கள். ஒட்டும், மணமாகவும் இருக்கும். ஆனால் வெல்லத்தில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கூடுதலாக இருப்பதால் காற்றின் ஈரத்தை வேகமாக இழுக்கும். வெள்ளைச் சர்க்கரைப் பாகே மழைநாளில் ஓரிரு நாளில் பிசுபிசுக்க ஆரம்பிக்கும்; வெல்லம் அதற்கும் முன்னால் இளகிவிடும். ஒட்டுவதற்கு வெள்ளைச் சர்க்கரையே சரி.

வடஅமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே சில ஆலைகள் கரும்புச் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரி பயன்படுத்துகின்றன. பீட் சர்க்கரையில் அந்தப் பிரச்சினை இல்லை. அல்லது வீகன் என்று குறித்த சர்க்கரை வாங்கலாம். ஐசிங் சுகருக்கும் இதே கவனம் வேண்டும்.

## டார்க் சாக்லேட்

ருசியில் இதை எதுவும் நெருங்காது. சுக்கும் கருப்பட்டியும் கசப்புச் சாக்லேட்டும் சேர்ந்தால் வீட்டை உடைக்கும் நாளுக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். டிசம்பர் சென்னையில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, வெயில் படும் சன்னலோரத்தில் இந்த வீட்டை வைக்க முடியாது. ஊட்டியிலோ ஐரோப்பாவிலோ கவலை இல்லை.

டெம்பர் செய்யாத, அதாவது உருக்கியபின் அளவான சூட்டுக்குப் பக்குவமாக ஆற்றாத சாக்லேட் அறை வெப்பத்தில் சரியாக இறுகாது. டெம்பர் செய்யத் தெரியாதவர்கள், கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சாக்லேட் வாங்குகிறார்கள், அது தானே இறுகும். அங்கேதான் பட்டியலைப் படிக்கவேண்டும்: 'டார்க்' என்று எழுதிய பல பட்டைகளில் பால் திடப்பொருளோ பால் கொழுப்போ சேர்ந்திருக்கும். 'பால் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வேறு. அது ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் செய்வதால் போடுவது. கொள்கைக்காக வீகனாக இருப்பவர்கள் பலரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைத் தொடவே விடக்கூடாது.

## நான் எதைச் சொல்வேன்

இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். முதல் நாள் இரவு, பிள்ளைகள் தூங்கியபின், பெரியவர் ஒருவர் உருக்கிய சர்க்கரையில் வீட்டை எழுப்பட்டும். மறுநாள் காலை பிள்ளைகள் எழுந்து வரும்போது அசையாத வீடு இருக்கும். அவர்கள் கையில் கொண்டைக்கடலை ஐசிங் கோனைக் கொடுங்கள். இணைப்புகளின் பழுப்பு நிறத்தை அந்த வெள்ளை மூடிவிடும். காத்திருப்பு இல்லை, அழுகை இல்லை, தீக்காயமும் இல்லை.

பிள்ளைகளும் கட்டுவதில் சேரவேண்டும் என்றால் கடலை நீர் ஐசிங் மட்டும் போதும், இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும், குளிர்ந்த ஊர், தின்பதுதான் நோக்கம் என்றால் சாக்லேட். ஒரு மதியத்துக்குள் முடியவேண்டிய சின்ன வீடுகளுக்குத் தண்ணீர் ஐசிங்.

## ஒட்டி முடித்தபின்: மிட்டாய்களும் எறும்பும்

வீகன் வீடு தன் பெயரை இழப்பது பெரும்பாலும் அலங்காரத்தில்தான். மார்ஷ்மெல்லோவிலும் கம்மி மிட்டாயிலும் ஜெலட்டின். சிவப்பு மிட்டாய்களின் சேர்மானப் பட்டியலில் 120 என்ற எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சாயம்; பளபளக்கும் உருண்டைகளில் 904 என்றால் அரக்குப் பூச்சியின் ஷெல்லாக்; 901 என்றால் தேன்மெழுகு. இந்தியப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்கிறது. பாலும் தேனும் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கென்று 2022 விதிமுறைகளின்படி தனி முத்திரை இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

தேடி அலையவேண்டாம் என்றால் சமையலறையே போதும். சீவிய பாதாம் அடுக்கினால் கூரை ஓடு. பட்டைக்குச்சி விறகுக்கட்டு, அன்னாசிப்பூ கதவில் தொங்கும் வளையம். உடைத்த கற்கண்டு பனிக்கட்டி. கடலைமிட்டாயைத் துண்டு துண்டாக உடைத்துப் பதித்தால் வாசலுக்குக் கல்பாதை, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாரும் வீட்டில் இல்லாவிட்டால். உலர்ந்த தேங்காய்த்தூளை மேலே தூவுங்கள். ஈரத் துருவல் வேண்டாம், அது ஐசிங்கை ஊறவைத்துக் கெட்டுப்போகும்.

நம் ஊரில் எறும்பு ஒரு பொழுதுக்குள் வழி கண்டுபிடித்துவிடும். வீடு நிற்கும் பலகையை ஒரு கிண்ணத்தின் மேல் ஏற்றி, அந்தக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் மூன்று நான்கு நாளுக்குள் உடைத்துத் தின்றுவிடுவது நல்லது. அதற்குமேல் பலகை நமுத்துச் சுவர் வளையத் தொடங்கும். 23-ஆம் தேதி கட்டினால் 26-ஆம் தேதி உடைக்கலாம். மிஞ்சும் துண்டுகளை உடனே காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டுவையுங்கள். நமுத்தவற்றை ஓவனில் பத்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுப்பாகும். ஓவனில் வைக்குமுன் ஐசிங்கையும் மிட்டாயையும் உரித்துவிடுங்கள்.